ஒரு பக்கத்துச் சினைப்பை

துடியலூரில் தையல் கடை வைத்திருக்கும் ரங்கநாயகிக்கு ஒரே மகள் ஷ்ரவ்யா. வயது இருபத்து நான்கு. சரவணம்பட்டியில் ஒரு கம்பெனியில் வேலை. மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருந்த சமயம், சுடிதாருக்கு அளவெடுத்த ரங்கநாயகியின் கை மகளின் உப்பியிருந்த அடிவயிற்றில் நின்றுவிட்டது. எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள்.

"யாரு அது? எத்தனை மாசம்?"

ஷ்ரவ்யாவுக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. "வயிறு உப்பிட்டே இருக்குது, சாப்பிட முடியலைன்னு சொன்னேன்லம்மா" என்று மட்டும் சொன்னாள்.

ரங்கநாயகி நம்பவில்லை. தெரிந்தவர்கள் கண்ணில் படக் கூடாதென்று கருமத்தம்பட்டிவரை கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்தாள். "குழந்தை இல்லைங்க. இடது சினைப்பையில பெரிய கட்டி இருக்குது. சீக்கிரம் கேன்சர் டாக்டரைப் பாருங்க" என்றார் அங்கிருந்த டாக்டரம்மா. ரங்கநாயகிக்கு முதலில் வந்தது நிம்மதி. அந்த நிம்மதியை நினைத்து அவள் பிறகு பல நாள் கூசிப்போனாள்.

கோவையில் பெரிய டாக்டர் படம் வரைந்து காட்டினார். "கட்டி ஒரு பக்கத்தோட நிக்கிற மாதிரிதான் தெரியுது. அந்தச் சினைப்பையையும் குழாயையும் எடுத்துடலாம். கர்ப்பப்பையும் வலது பக்கமும் இருக்கட்டும். பரவியிருந்தா மட்டும் முடிவு மாறும்."

"எல்லாத்தையும் எடுத்துப்போடுங்க டாக்டர். உசுரு இருந்தாப் போதும். இனி இவளை யாருங்க கட்டப் போறாங்க?"

டாக்டர் மகள் பக்கம் திரும்பினார்.

"விட்டுவெச்சா ஆபத்து கூடுமாங்க?" என்று கேட்டாள் ஷ்ரவ்யா.

"ஆரம்ப நிலைன்னா பெருசாக் கூடாது. ஆனா வருசக்கணக்கா செக்கப்புக்கு வரோணும்."

"அப்ப இருக்கட்டுங்க. கல்யாணத்துக்காக இல்லைங்க. அது என்னோடது."

நோய் பரவியிருக்கவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு கீமோ கொடுத்தார்கள். முடி கொட்டி மறுபடி முளைத்தது. நின்றுபோயிருந்த மாதவிலக்கும் திரும்பியது.

மறுவருடம் ஒரு கல்யாணப் பந்தியில், ஒன்றுவிட்ட அக்கா வெங்கடம்மாள் கேட்டாள்: "ஏம்மா ரங்கநாயகி, புள்ளை ஏன் இப்படி இளைச்சுப்போச்சு?"

"குடல்வால் ஆபரேசனுங்க அக்கா." ரங்கநாயகியின் வாய் தானாகச் சொன்னது.

பக்கத்து இலையிலிருந்து ஷ்ரவ்யா நிமிர்ந்தாள். "கேன்சருங்க பெரியம்மா. சினைப்பையில. ஒண்ணை எடுத்தாச்சு, ஒண்ணு இருக்குது." சொல்லிவிட்டு ரசத்துக்குக் கை நீட்டினாள்.

ரங்கநாயகி பாதியிலேயே இலையை மூடினாள். எதிர்ப்பந்தி திரும்பிப் பார்த்ததற்காக அல்ல, மகள் தன்னைத் திரும்பிப் பார்க்காததற்காக.

பஸ்ஸில் வரும்போது மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். "அடுத்த செக்கப்புக்கு நானும் வாரேன் கண்ணு" என்றாள்.

"வாம்மா. ஆனா டாக்டர்கிட்ட நானே பேசிக்கிறேன்" என்றாள் ஷ்ரவ்யா.