அவன் பேரில் ஒரு பாடு

எங்கள் மகனுக்கு மீசை முளைத்த பிறகும் சட்டைப் பொத்தானை அவன் அம்மாதான் போட்டுவிட்டாள். பிறந்தபோது வெகுநேரம் அவன் அழவில்லை. நடக்கவும் பேசவும் காலம் பிடித்தது. அதன் பிறகு உடம்பு மட்டும் தன்பாட்டுக்கு வளர்ந்தது. இருபது வயதைத் தாண்டியபோது எங்கள் குப்பத்தில் அவ்வளவு அகன்ற தோள் வேறு யாருக்கும் இல்லை. ஆனால் அன்று என்ன கிழமை என்று கேட்டால் அவனுக்குத் தெரியாது. சொன்ன வேலையைச் செய்வான். போதும் என்று சொல்லாவிட்டால் செய்துகொண்டே இருப்பான். தண்ணீர் கொண்டுவரச் சொல்லி மறந்துவிட்டால் தொட்டி வழிந்து வாசலெல்லாம் சேறாகிவிடும்.

ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருந்தது எங்கள் குப்பம். நான் தினமும் படகில் அக்கரை போய், பழவேற்காட்டில் மீனவர் சங்கத்தில் கணக்கு எழுதினேன். என் மனைவி கூடையில் மீன் விற்றாள். அவன் எங்களுக்கு ஒரே பிள்ளை. எங்களுக்குப் பிறகு இவன் என்ன ஆவான் என்பதை நாங்கள் வாய்விட்டுப் பேசிக்கொண்டதில்லை. இருவருமே அதையே நினைத்துக்கொண்டிருந்தோம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் சங்கத்துக்கு வந்த அதிகாரி ஒருவர், ஊனமுற்றவர்களுக்கு அரசாங்கம் உதவித்தொகை தருகிறது, வேலைக்கும் தனியாகப் பதிவு செய்கிறார்கள் என்று சொன்னார். மறுவாரமே மகனுக்கு வெள்ளைச் சட்டை போட்டு தாலுகா ஆபீசுக்கு அழைத்துப் போனேன். அங்கிருந்த எழுத்தர் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"கை காலெல்லாம் நல்லாத்தானே இருக்கு? இவருக்கு இன்னா குறை?"

மகன் அவரைப் பார்த்துச் சிரித்துக் கும்பிட்டான். அவன் எதிரிலேயே அதைச் சொல்ல எனக்கு மனமில்லை. என் நெற்றிப் பொட்டைத் தொட்டுக் காட்டினேன். டாக்டர் சான்று இல்லாமல் எதுவும் ஆகாது என்றார் அவர்.

சான்றுக்காகப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஒரு பெண் டாக்டர் மரத்துண்டுகளைக் கொடுத்து அடுக்கச் சொன்னார். இவன் ஒவ்வொன்றாக அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தான். அவர் சலித்துக்கொள்ளவில்லை. தானே ஒரு முறை அடுக்கிக் காட்டி, அவன் கையைப் பிடித்து அடுக்க வைத்து, பிறகு கையை விட்டார். அவனாக அடுக்கினான். சான்றை எழுதிக் கொடுத்துவிட்டு அவர் என்னிடம் சொன்னார்:

"ஒரே வேலையை தினமும் ஒரே மாதிரி, பக்கத்துல ஒருத்தர் நின்னு சொல்லிக் குடுத்தா இவர் கத்துக்குவார். சும்மா வீட்ல உக்கார வெக்காதீங்க."

என் மகனால் எது முடியும் என்று ஒருவர் சொல்லிக் கேட்டது எனக்கு அதுதான் முதல்முறை. திரும்பும்போது பஸ்ஸில் என் மனம் லேசாக இருந்தது.

அந்த நிம்மதி வெகுநாள் நீடிக்கவில்லை. வேலைவாய்ப்பு அலுவலகத்தில், கண், காது, கை கால் ஆகிய குறைகளுக்குத்தான் பதிவு என்றார்கள். புத்திக் குறைக்கு அவர்களிடம் இடமே இல்லை. மறுபடி தாலுகா ஆபீசுக்குப் போனேன். அங்கே சான்றைப் படித்துவிட்டு எழுத்தர் சொன்னார்:

"இது ஆதரவில்லாதவங்களுக்குத் தர்ற பணம். இவருக்குத்தான் நீங்க இருக்கீங்களே."

"நாங்க போயிட்டா?"

"அப்ப வந்து மனு குடுக்கச் சொல்லுங்க."

அவர் குத்தலாகச் சொல்லவில்லை. விதியில் இருந்ததைச் சொன்னார். தனியாகப் பஸ் ஏறத் தெரியாத என் மகன் பக்கத்தில் நின்று மின்விசிறி சுற்றுவதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டில் இதைச் சொன்னபோது என் மனைவி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். ஆய்ந்து முடித்ததும், "ஆபீசு கச்சேரின்னு அலைஞ்சது போதும். ஊர்ல கேளு" என்றாள்.

எங்கள் ஏரியில் இறால் வரும் இடங்களில் எல்லாரும் ஒரே நாளில் வலை கட்ட முடியாது. சீட்டுப் போட்டு முறை வைத்துத்தான் இறங்குவோம். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். ஊர்க் கணக்கில் கல்யாணமான ஆண்கள்தான் தலைக்கட்டு, அதாவது தனிக் குடும்பம். அவர்களுக்கு மட்டும்தான் பாடு. நான் கணக்கு எழுதப் போனதால் என் பாட்டுக்கு என் தம்பி ஏரியில் இறங்கினான். நான் போனால் அதுவும் என்னோடு போய்விடும். மகனுக்கு வராது.

ஊர்க் கூட்டம் கோயில் எதிரில் கூடியது. மகன் பேரில் ஒரு பாடு வேண்டும் என்று கேட்டேன். எங்கள் பக்கத்து வீட்டுப் படகுக்காரர் எழுந்தார்.

"அண்ணே, புள்ள மேல எனக்கு இன்னா கோவம்? ஆனா ஒரு பாடு கூடிச்சினா எல்லாருக்கும் முறை தள்ளிப்போவும். ஏரி இன்னா வளரவா போவுது? இன்னிக்கு உன் புள்ளைக்குக் குடுத்தா, நாளைக்கு இன்னொருத்தன் வந்து நிப்பான்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அப்போது, பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து என் மனைவி முன்னால் வந்தாள். அந்தக் கூட்டத்தில் பெண்கள் பேசுவது வழக்கமில்லை.

"கண்ணாலம் ஆனாத்தான் ஆம்பளைன்றீங்க. இவனுக்கு எவன் பொண்ணு தருவான்? கண்ணாலம் ஆவாதவனுக்கு வயிறு மட்டும் இல்லாமப் போயிடுமா?"

யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை. பெரியவர்கள் தங்களுக்குள் வெகுநேரம் பேசினார்கள். கடைசியில் பாடு கொடுக்கலாம் என்றார்கள். ஒரு நிபந்தனை வைத்தார்கள்: தண்ணீரில் அவனே இறங்க வேண்டும். பேர் அவனுடையது, உழைப்பு சித்தப்பாவுடையது என்று இருக்கக் கூடாது.

முதல் முறைக்கு என் தம்பி அவனைக் கூட்டிப்போனான். இறால் சேரும் வலைப்பையின் அடிமுடிச்சை அவன் கையில் கொடுத்து, இறுக்கிப் பிடி என்றான். உள்ளே இறால் துள்ளியதும் இவன் சந்தோஷம் தாங்காமல் முடிச்சை அவிழ்த்துவிட்டான். அன்று பிடிபட்ட இறால் மொத்தமும் ஏரிக்கே போனது. குப்பமே சிரித்தது. என் மனைவி அன்று கூடையை எடுக்கவில்லை.

சாயங்காலம் பக்கத்து வீட்டுப் படகுக்காரர் வந்தார். கூட்டத்தில் எதிர்த்தவர் ஆயிற்றே, இனி இது வேண்டாம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் என் தம்பியைக் கூப்பிட்டார்.

"முடிச்ச அவன் கையில ஏண்டா குடுத்த? கம்பக் குடு. புடின்னு சொன்னா நீ உடுன்னு சொல்ற வரைக்கும் உடமாட்டான் அவன்."

அப்படியே செய்தார்கள். வலை கட்டும் கம்பை ஊன்றும்போது நீரோட்டம் தள்ளும். அசையாமல் பிடிக்க ஆள் வேண்டும். இடுப்பளவு தண்ணீரில் மகன் நின்றான். தம்பி ஒவ்வொரு முறையும் அவன் தோளைத் தொட்டு "புடி" என்பான்; வேலை முடிந்ததும் மறுபடி தொட்டு "உடு" என்பான். வார்த்தையை ஒருநாளும் மாற்றவில்லை. சில மாதங்களில் தோளைத் தொட வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. பிறகு மற்ற படகுக்காரர்களும் தங்கள் முறைக்கு அவனைக் கேட்டு வர ஆரம்பித்தார்கள்.

தன் பங்கு இறாலை முதன்முதலாகக் கொண்டுவந்த அன்று அவன் ஈரத்துணியை மாற்ற மறுத்துவிட்டான். வாசலில் நின்று போவோர் வருவோரிடமெல்லாம், "நைனா, நான் ஏரிக்குப் போனேன்" என்றான். அப்பாவான என்னைக் கூப்பிடுவதுபோலவே அவனுக்கு எல்லாருமே நைனாதான். அவன் அம்மா உள்ளே போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். நான் பக்கத்தில் போகவில்லை.

எண்பதுகளின் கடைசியில் எங்கள் குப்பத்து விதவை ஒருத்தி ஊர்க் கூட்டத்துக்கு வந்தாள். அவள் மகளுக்கு இளம்பிள்ளைவாதத்தில் இரண்டு காலும் சூம்பிவிட்டன. தன் மகளுக்கும் ஒரு பாடு வேண்டும் என்று கேட்டாள். அப்போது என் மனைவிக்கு மூச்சிரைப்பு முற்றியிருந்தது. வேண்டாம் என்று நான் சொல்லியும் கேட்காமல், அந்த விதவையின் மகளைத் தாங்கியபடி கூட்டத்தில் போய் நின்றாள். பொம்பளைக்குப் பாடு கிடையாது என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார்கள். கரையில் இறாலைத் தரம் பிரிக்கும் கொட்டகையில் உட்கார்ந்து செய்யும் வேலை மட்டும் அந்தப் பெண்ணுக்குக் கிடைத்தது.

அதோடு என் மனைவி ஓயவில்லை. அடுத்த கூட்டத்திலும் போய்க் கேட்டாள். அதற்கு அடுத்ததற்குப் போக அவள் இல்லை.