ஸ்டெல்லா வாங்கின ரெட்டை லென்ஸ் கேமரா

ஸ்டெல்லா போயிட்டாங்க.

காலையில அவங்க பையன் போன் பண்ணான். "அங்கிள், அம்மா தவறிட்டாங்க... நாளைக்கு அடக்கம்"னான்.

உண்மையைச் சொல்லிடறேன். எனக்கு அழுகை வரல. மொதல்ல வந்த நெனப்பு... அந்த கேமரா இப்ப யாருகிட்ட இருக்குது?

சீன்னு ஆயிடுச்சு எனக்கே. ஆனா அதான் வந்துச்சு.

தெரியாதவங்களுக்குச் சொல்றேன். எழுபதுகள்ல மரக்காணத்துல உப்பு ஆபீஸ்ல நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா வேலை பாத்தோம். நான் கிளார்க், ஸ்டெல்லா டைப்பிஸ்ட். ரெண்டு பேருக்கும் போட்டோ பைத்தியம். ரெண்டு பேருக்கும் அதப் பத்தி ஒண்ணும் தெரியாது.

குயிலாப்பாளையத்துல ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பிப் போறாரு, ரெண்டு கேமரா விக்கிறாருன்னு எனக்கு சேதி வந்துச்சு. ரெண்டுமே 120 ஃபிலிம் போடுறது, நெகட்டிவ் பெருசா வரும். நான் வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்... ஸ்டெல்லாகிட்ட சொல்லித் தொலைச்சேன். அண்ணனக் கூட்டிக்கிட்டு அவங்களும் பஸ் ஏறிட்டாங்க.

சேதி என்னோடது, அதனால மொதல் சாய்ஸும் எனக்குத்தான்.

ஒண்ணு மடக்குற கேமரா. பட்டனை அமுக்குனா லென்ஸு பட்டுனு முன்னாடி வரும், கண்ணுல வெச்சுப் பாக்கலாம். பளபளன்னு இருந்துச்சு. இன்னொண்ணு டப்பா மாதிரி, முன்னாடி மேல ஒரு லென்ஸ், கீழ ஒரு லென்ஸ். வயித்துக்கு நேரா புடிச்சிக்கிட்டு, மேல மூடியைத் திறந்து, குனிஞ்சு கண்ணாடியில பாக்கணும்.

பாத்தேன். அவங்க அண்ணன் இந்தப் பக்கம் நடக்குறாரு, கண்ணாடியில அந்தப் பக்கம் போறாரு. எனக்குத் தலை சுத்திடுச்சு. "இது ரிப்பேரு"ன்னு சொல்லிட்டேன். பெரிய மேதாவி நான்.

ஸ்டெல்லா குனிஞ்சு பாத்தாங்க... ரொம்ப நேரம் பாத்தாங்க. "பழகிடும் சார்"னாங்க. மடக்குறத நான் வாங்கினேன், டப்பாவ அவங்க வாங்கினாங்க.

அடுத்த ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் உப்பளத்துக்குப் போனோம். பொம்பளைங்க கூடையில உப்பு சொமந்துக்கிட்டு வரப்புல வரிசையா வர்றாங்க. நான் கேமராவ கண்ணுல வெச்சதும் அத்தன பேரும் முந்தானைய இழுத்து மூஞ்ச மூடி, அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாங்க.

அனுமந்தைல இருந்து வேலைக்கு வர்ற ஒரு அம்மா நேராவே கேட்டுச்சு. "ஏம்பா ஆபீசு, மூஞ்சிக்கு நேரா நீட்டுறியே... துப்பாக்கியா அது?"

என் ரோல்ல எட்டு ஷாட். எட்டும் முதுகு.

ஸ்டெல்லா பக்கத்துலயே நிக்கிறாங்க. அரிசியில கல்லு பொறுக்குற மாதிரி குனிஞ்ச தலை நிமிரல. யாரும் மூடிக்கல. "அது பாட்டுக்கு ஏதோ கணக்கு பாக்குது, பாக்கட்டும்"னு அதே அம்மா சொல்லிட்டு, பின்னாடி வர்றவகிட்ட என்னமோ சொல்லி சிரிச்சுது. அந்த சிரிப்பு ஸ்டெல்லா கேமராவுல மாட்டிக்கிச்சு.

பாண்டிச்சேரி ஸ்டுடியோவுல கழுவிக் குடுத்தாங்க. பிரிண்டை பஸ் ஸ்டாண்டுலயே பிரிச்சுப் பாத்தோம். தலைமேல கூடை, பின்னாடி உப்பு வெள்ள வெளேர்னு, வெத்தலைப் பல்லு தெரிய சிரிக்கிற அந்த அம்மா... எனக்கு வயிறு எரிஞ்சுது. "பரவால்லியே"ன்னு மட்டும் சொன்னேன். அந்த டப்பா என் கைக்கு வந்ததுதானேன்னு பஸ்ஸுல ஊர் வர்ற வரைக்கும் அதே நெனப்பு.

பெருசா பிரிண்ட் போட்டு ஆபீஸ் சுவத்துல மாட்டுனாங்க. ஆணி அடிச்சது நான்.

இனிமே சொல்றதத்தான் இத்தன வருஷமா யாருகிட்டயும் சொல்லல.

மெட்ராஸ்ல இருந்து ஒரு பெரிய ஆபீசர் வந்தாரு. போட்டோ முன்னாடி நின்னுட்டாரு. என் பக்கம் திரும்பி, "பிரமாதம்யா. நீ எடுத்ததா?"ன்னாரு. பின்னாடி டைப் மிஷின் சத்தம் நின்னுச்சு.

"ஆமா சார்"னேன்.

ஸ்டெல்லா மறுபடி டைப் அடிக்க ஆரம்பிச்சாங்க.

ஏன் அப்படிச் சொன்னேன்னு அன்னிக்கும் கேக்கல. மறுநாளும் கேக்கல. கல்யாணம் ஆகி திண்டிவனம் போற வரைக்கும் ஒரு வார்த்த கேக்கல. ஒரு தடவ சண்ட போட்டிருந்தா எனக்கு நல்லா இருந்திருக்கும். அதுலயும் அவங்கதான் என்னை ஜெயிச்சாங்க.

ஆபீஸ் இடம் மாறினப்ப அந்த போட்டோவ நான் வீட்டுக்குக் கொண்டாந்துட்டேன். ரெண்டு வருஷம் முன்னாடி இங்கயே போட்டேன், ஞாபகம் இருக்கா? "சூப்பர் சார்", "லெஜண்ட் சார்"னு எல்லாரும் எழுதுனீங்க. எல்லாருக்கும் தேங்க்ஸ் சொன்னேன். ஸ்டெல்லா ஒரு லைக் போட்டிருந்தாங்க. அதுக்கு மட்டும் என்ன பண்றதுன்னு தெரியல.

இன்னிக்கு போன்ல வெக்கமில்லாம கேட்டேன். "தம்பி, அம்மா கேமரா..." "அது என் பொண்ணுகிட்ட இருக்குது அங்கிள், அவதான் இப்ப அதுல எடுக்குறா"ன்னான். சரி, அதுவும் போச்சு.

அப்புறம் அவன் கேட்டான். "அங்கிள், நாளைக்கு அம்மா பக்கத்துல உங்க உப்பள போட்டோவ வைக்கலாமா? நீங்க எடுத்ததுலயே அதான் பெஸ்ட்டுன்னு சொல்லிக்கிட்டே இருப்பாங்க."

ஸ்டெல்லா தான் பெத்த புள்ளகிட்ட கூட சொல்லல.

"அது உங்கம்மா எடுத்ததுப்பா"ன்னேன். "என்ன சொல்றீங்க அங்கிள்?"னான். மறுபடியும் சொன்னேன்... "உங்கம்மா எடுத்தது. நான் ஆணிதான் அடிச்சேன்."

கீழ இருக்குறது அந்த போட்டோதான். எடுத்தது ஸ்டெல்லா. நாளைக்குக் கொண்டாறேன், அங்கயும் நானே மாட்டுறேன்.

போயிட்டு வாங்க ஸ்டெல்லா... எனக்கு இன்னும் வயிறு எரியுது.