கதீட்ரலில் மூன்று பாஸ்போர்ட்டுகள்

பர் துபாயில் நாங்கள் இருந்தபோது என் கணவரின் பாஸ்போர்ட்டை அவருடைய கம்பெனிதான் வைத்திருந்தது. லீவில் போக வேண்டுமானால் உடன் வேலை செய்யும் ஒருவர் தன் பாஸ்போர்ட்டை ஜாமீனாக வைத்துக் கையெழுத்துப் போட வேண்டும். இவர் திரும்பி வந்து பாஸ்போர்ட்டை ஒப்படைக்கும்வரை, ஜாமீன் போட்டவர் ஊருக்குப் போக முடியாது. நாங்கள் பத்து நாள் பிரான்சுக்குப் போனபோது கையெழுத்துப் போட்டவருக்கு, நாங்கள் திரும்பும் வாரம் மதுரையில் கல்யாணம்.

"சிஸ்டர், என் கல்யாணம் இப்ப உங்க கையிலதான். பாஸ்போர்ட்டத் தொலைச்சிட்டு அங்கயே நின்னீங்கன்னா, ஊர்ல வேற எவனாச்சும் தாலியக் கட்டிருவான்" என்று வழியனுப்ப வந்தவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மாடி வீட்டு அக்கா வேறு, "அங்க திருடனுங்க போலீஸ் மாதிரியே வந்து செக் பண்ணணும்பானுங்க. காட்டிராத" என்று சொல்லியிருந்தார். எங்கள் இருவருடைய பாஸ்போர்ட்டையும் மூன்று வயது மகளுடையதையும் ஒரு துணிப்பையில் போட்டு, சுடிதாருக்குள் இடுப்பில் கட்டிக்கொண்டேன். தூங்கும்போதும் அவிழ்க்கவில்லை. ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களின் முகம் ஒன்றும் எனக்கு நினைவில்லை. கைகள்தான் நினைவிருக்கின்றன.

நாங்கள் பார்க்கப் போன கதீட்ரல், பெரிய பழைய தேவாலயம், பாரிஸிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் இருந்தது. வாசலைச் சுற்றி வரிசை வரிசையாகக் கல்லில் புனிதர்கள். இவர் கைடு புத்தகத்தைப் பிரித்து, கோத்திக் பாணி என்று ஆரம்பித்தார். வேளாங்கண்ணியில் செய்ததுபோல என் செருப்பையும் மகளின் ஷூவையும் கழற்றி ஓரமாக வைத்தேன்.

"இங்கல்லாம் கழட்ட வேண்டாம்மா."

"கும்பிடற இடம்தானே."

உள்ளே கல் தரை சில்லென்று இருந்தது. மகளை இவர் தூக்கிக்கொண்டார். தூண்கள் மேலே போய் இருட்டில் மறைந்தன. ஒவ்வொரு தூணுக்குப் பின்னாலும் ஓர் ஆள் ஒளிய இடம் இருக்கிறதே என்றுதான் எனக்குத் தோன்றியது.

கறுப்புக் கோட் போட்ட வயதானவர் ஒருவர் எங்களையே பார்த்தபடி நேராக வந்தார். ஒரு கை முதுகுக்குப் பின்னால் இருந்தது. மற்ற கையின் விரலை என் இடுப்புப் பக்கம் நீட்டி ஏதோ சொன்னார். நான் வயிற்றை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு, "மாஃபி! மாஃபி!" என்று கத்திவிட்டேன். துபாய்க் கடைகளில் 'இல்லை' என்பதற்குச் சொல்லும் அரபு வார்த்தை. வேறு எந்த மொழியும் வாயில் வரவில்லை. கூரை வரை எதிரொலித்தது. மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் பின்னாலிருந்த கையை மெல்ல முன்னால் கொண்டுவந்தார். என் செருப்பும் மகளின் ஷூவும். விரல் என் வெறுங்கால்களைத்தான் காட்டியிருக்கிறது. அவற்றைத் தரையில் ஜோடியாக வைத்துவிட்டுப் போனார்.

"செருப்பக் கொண்டாந்து குடுக்கறாரு, அவரப் போய்..." இவர் தலையில் அடித்துக்கொண்டார்.

நான் அவருக்கு நன்றிகூடச் சொல்லவில்லை. செருப்பைக் கொடுத்துக் கவனத்தைத் திருப்பும் கூட்டமாக இருந்தால்? தூணில் முதுகைச் சாய்த்துப் பையைத் தடவிப் பார்த்தேன். மூன்றும் இருந்தன.

"அத எங்கிட்டக் குடு. நீ அந்தக் கண்ணாடியப் பாரு."

தூணுக்குப் பின்னால் திரும்பி நின்று அவிழ்த்துக் கொடுத்தேன். வண்ணக் கண்ணாடி ஜன்னலை அண்ணாந்து பார்த்தேன். அப்படி ஒரு நீலத்தை நான் அதுவரை கண்டதில்லை. எவ்வளவு நேரம் பார்த்தேனோ, கண் தானாகக் கீழே இறங்கியது. இவர் பையைக் கட்டிக்கொள்ளவே இல்லை. மகளைத் தூக்கியிருந்த கையிலேயே சுருட்டிப் பிடித்துக்கொண்டு, வாய் பிளந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, குடுங்க" என்று வாங்கி, மறுபடி இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.