பாதியில் நின்ற முகடு

சூபெய் நகரத்து மருந்து ஆலையில் பெங் ஷியு-ச்சினுக்கு மாஸ் ஸ்பெக்கில் வேலை. மூலக்கூறுகளை எடை பார்த்துப் பிரித்துக் காட்டும் இயந்திரம் அது. ஈரல் புற்றுக்கு இரண்டு ஆன்டிபாடிகளை ஒரே குப்பியில் கலந்து அங்கே மருந்து தயாரிக்கிறார்கள். இரண்டும் சம அளவில் இருக்கின்றனவா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுபவள் அவள். அவள் கணவன் வென்-லுங்குக்கும் அந்த மருந்துதான் ஏறுகிறது. நோய் இன்னதென்று டாக்டர் சொன்ன அன்று அவள் அழவில்லை. மனசு மரத்துப்போனது. இன்னும் அப்படியே இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் மருந்து தீர்ந்துவிட்டது. புதுத் தொகுதி போய்ச் சேர்ந்தால்தான் அவனுக்கு அடுத்த ஊசி. அதன் மாதிரி அன்று அவள் கைக்கு வந்தது. திரையில் ஆன்டிபாடிக்கு ஒன்றாக இரண்டு முகடுகள் ஒரே உயரத்துக்கு எழ வேண்டும். ஒன்று எழுந்தது. மற்றது பாதியில் நின்றுவிட்டது.

மேலாளர் ஜுவாங், அவளைவிட இளையவன், எட்டிப் பார்த்தான்.

"ச்சின் அக்கா, மெஷின் மேல இருக்கிற பொட்டலத்தப் பாருங்க. தேதி முடிஞ்சுபோச்சு! அப்புறம் எப்படி அது ஒழுங்கா ஓடும்?"

இயந்திரம் அடம்பிடிக்காமலிருக்க அதன் தலையில் பச்சைப் பொட்டலச் சோளப்பொரி வைப்பது அங்கே வழக்கம். அது பழசாகக் கூடாது. யாரும் தின்னவும் கூடாது.

"அளவு தெரிஞ்ச சாம்பிளக் காலையில போட்டப்ப சரியாத்தானே காட்டுச்சு?"

"அப்ப அதுக்குப் பசிக்கல, இப்பப் பசிக்குது. உங்க வீட்டுக்காரர நெனச்சாவது இன்னொரு தடவ ஓட்டுங்கக்கா."

இயந்திரத்தில் கோளாறில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் கையுறையைக் கழற்றிவிட்டுக் கீழே கடைக்குப் போனாள். அடுக்கின் பின்வரிசையில் கைவிட்டு, தேதி முடிய இன்னும் வெகுநாள் இருந்த பொட்டலமாகத் தேடி எடுத்தாள். அதைக் கொண்டுவந்து வைத்து, மாதிரியைப் புதிதாகத் தயாரித்து மறுபடி ஓட்டினாள்.

முகடு அதே இடத்தில் நின்றது.

ஜுவாங் தன் இடத்துக்குப் போனான். அவள் 'தேறவில்லை' என்று பதிந்து கையெழுத்துப் போட்டாள். நடைபாதைக்குப் போய் வீட்டிலிருந்த வென்-லுங்குக்குப் போன் செய்தாள்.

"புது மருந்து வராது. நான்தான் நிறுத்தினேன்."

அந்தப் பக்கம் டிவியில் பேஸ்பால் ஆட்டத்தின் கூச்சல். "ஏன், என்னாச்சு?"

"ரெண்டுல ஒண்ணு பாதிதான் இருக்கு."

"பாதி மருந்த வச்சுக்கிட்டு நான் பாதி பொழைக்கவா?" என்றான். அவன் சிரித்தான், அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "அடுத்தது எப்ப?"

"ரெண்டு மாசம் ஆகும்."

டிவி சத்தம் நின்றது.

"சரி," என்றான். "நீ சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

"பொய் சொல்லாதடி. போய்ச் சாப்பிடு."

சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். சோறும் பன்றிக்கறியும் ஆறிப்போயிருந்தன. எதிலும் சுவை தெரியவில்லை. அவன் சொன்னதற்காக மென்று விழுங்கிக்கொண்டிருந்தாள்.