ஆங்கிலத்தில் ஒளித்த குறிப்பு

பெரியநாயக்கன்பாளையத்தில் பம்பு கம்பெனி ஒன்றில் முப்பது வருஷம் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் சுற்றி ஓய்வு பெற்றவர் ஞானசிகாமணி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டில்தான் வேதபாடக் கூட்டம். பதினொரு வருஷமாக அவர்தான் பேசுவார். லேப்டாப்பில் வேதாகம மென்பொருள் ஏற்றி, பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் வசனத்துக்கு வசனம் குறிப்பு எழுதி வைத்திருந்தார். நாலாயிரம் குறிப்பு. லேசுப்பட்ட வேலையா? அந்தக் கெத்து மனுஷனுக்குக் கொஞ்சம் உண்டு.

அதில் மண் விழுந்தது லோகப்பிரியா வந்த பிறகு. சரவணம்பட்டியில் ஐடி வேலை, இருபத்தாறு வயசு, சபைக்கு வந்தே இரண்டு வருஷம். ஒருநாள் சும்மா பேசச் சொன்னார்கள். புது மொழிபெயர்ப்பில் ஒரே ஒரு வசனத்தை எடுத்து, கண்கலங்க அரைமணி நேரம் பேசினாள். பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவ்வளவுதான், ஆளாளுக்கு அவளையே பேசச் சொல்லிக் கேட்க ஆரம்பித்தார்கள். இந்த வெள்ளிக்கிழமை அவள் பேசட்டும், நீங்கள் டிவியில் வசனம் போடுங்கள் என்று போதகரே சொல்லிவிட்டார். நன்றாகப் பேசிவிட்டால் கூட்டம் இனி அவள் கையில்தான். ஞானசிகாமணிக்கு வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? நாலாயிரம் குறிப்பு எழுதியவர் டிவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பக்கம் தள்ள வேண்டுமாம்!

யாரிடம் போய்ச் சொல்ல? மென்பொருளிலேயே கொட்டினார். கூட்டத்தில் யாரும் ஆங்கில மொழிபெயர்ப்பைத் திறப்பதில்லை. அங்கே எழுதினால் அங்கேயே கிடக்கும். அந்த வாரத்துப் பாடம் நாவைப் பற்றிய அதிகாரம். அதில் ஒரு வசனத்துக்கு அடியில் மனசில் இருந்ததைத் தமிழிலேயே எழுதி வைத்தார். அன்றைக்குச் சோறு நன்றாக இறங்கியது.

வெள்ளிக்கிழமை லோகப்பிரியா அரைமணி முன்னதாகவே வந்துவிட்டாள். அவருடைய குறிப்புகளெல்லாம் பழைய மொழிபெயர்ப்போடு ஒட்டிக் கிடப்பதைப் பார்த்து ஆதங்கப்பட்டாள். ஒரு செட்டிங்கை மாற்றினால் போதும், எதில் எழுதிய குறிப்பும் எல்லா மொழிபெயர்ப்பிலும் வசனத்துக்குப் பக்கத்தில் தெரியும், அதைப் பார்த்தே தான் பேசப்போவதாகச் சொன்னாள். தன் பெயர் அடிபடப்போகிறது என்ற குஷியில் அவர் சரியென்று தலையாட்டினார். ஆங்கிலத்தில் எழுதியது ஞாபகமே வரவில்லை.

கூட்டம் கூடியது. அவள் கேட்ட வசனத்தைப் புது மொழிபெயர்ப்பில் திறந்தார். டிவியில் வசனத்துக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் வந்து நின்றது: "லோகப்பிரியாவுக்கு நாக்கு நீளம். அழுவாச்சி எல்லாம் வேஷம். போதகரையே கைக்குள் போட்டுக்கொண்டாள்."

பதினாறு பேரும் படித்தார்கள். அவர் அவசரமாக மவுஸைத் தேடினார்.

அவள் முகம் வெளிறிப்போயிற்று. பிறகு மெதுவாகக் கேட்டாள்: "அழிச்சுப்போடட்டுங்களா அங்கிள்?"

அவர் தலையாட்டினார். அவளே வந்து அழித்தாள். "எனக்கு நாக்கு நீளந்தானுங்க. எங்கம்மாவும் அதையேதான் சொல்லுமுங்க" என்று கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தாள். அதற்குக் கீழே, அதே வசனத்துக்கு அவர் என்றைக்கோ எழுதியிருந்த நல்ல குறிப்பு ஒன்றை வாசித்து, அதிலிருந்தே பேச ஆரம்பித்தாள். அவர் மனைவிகூட முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவமானம் இல்லாமல் இல்லை. எழுந்து மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஆனால் நிமிர்ந்தபோது எல்லார் கண்ணும் அவள்மேல் இருந்தது. பதினொரு வருஷத்தில் ஒருநாளாவது தன்னை இப்படிப் பார்த்திருப்பார்களா? மன்னிப்பதிலும் அவளே முந்திக்கொண்டாளே என்று அவருக்கு முன்னைவிட அதிகமாக வயிறு எரிந்தது.