ஸ்டோர் ரூமுக்குப் போன ஓடை

போன சனிக்கிழமை நடந்ததற்கு இன்னும் கோபம் ஆறவில்லை. ஆறிய பிறகு எழுதலாம் என்றால் இந்த வாரம் பத்தியே வராது. அதனால் சூட்டோடு எழுதுகிறேன்... பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலாக்கா டவுனில் ஒரு மண்டபம். பதினோரு பேர் சேர்ந்து ஓவியக் கண்காட்சி. தலைப்பு – 'இயற்கை'. நானும் ஒரு படம் கொடுத்திருந்தேன். செம்பருத்திப் பூ. 'அழகா இருக்கு' என்று சொல்லிவிட்டு அடுத்த நொடியே மறந்துவிடக்கூடிய படம்.

பக்கத்தில் பார்வதியின் படம். பக்கத்து ஊரான பத்து பெரண்டாமில் ஃபேக்டரி வேலை அவளுக்கு. லீவு நாளில் உட்கார்ந்து வரைவாள். வரைந்திருந்தது, அவள் குடியிருக்கும் தாமானுக்கு, அந்த வீட்டு வரிசைகளுக்குப் பின்னால் ஓடும் ஓடை. கறுப்புத் தண்ணீர். மேலே மினுங்கும் எண்ணெய்ப் படலம். வயிறு தெரிய மிதக்கும் ஒரு மீன். அந்தத் தண்ணீரில் வெயில் விழுவதை அவள் வரைந்திருந்த விதம் இருக்கிறதே... இருபது வருஷம் முயன்றாலும் எனக்கு வராது.

அவளுக்கு இதுதான் முதல் கண்காட்சி. புருஷன், மகள் என்று குடும்பமே புதுத்துணியில் வந்திருந்தது.

திறப்புக்கு அரை மணி நேரம் முன்பு ஏற்பாட்டாளர் வந்தார். படத்தைப் பார்த்ததும் முகம் மாறியது.

"என்னாம்மா இது? இயற்கைன்னா பூ, பறவை, கடல்னு இருக்கணும்லா. வி.ஐ.பி. வர்ற நேரத்துல செத்த மீனா?"

"எங்க வீட்டுக்குப் பின்னால இதான் சார் இருக்கு," என்றாள் பார்வதி மெதுவாக.

அவர் காதிலேயே வாங்கவில்லை. படத்தைக் கழற்றி, ஸ்டோர் ரூமில் உடைந்த நாற்காலிகளுக்கு நடுவே, சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார். காலி இடத்துக்கு ஒரு சூரியகாந்திப் படம் நகர்ந்து வந்தது.

பூ மட்டும்தான் இயற்கையா? செத்த மீன் என்ன பிளாஸ்டிக்கா?

"அந்தப் படத்தைத் திரும்ப மாட்டுங்க," என்றேன்.

"விடுங்கக்கா, பெரிசு பண்ணாதீங்கலா. அடுத்த வருஷம் நமக்கு ஹால் கெடைக்காது," என்றார் ஏற்பாட்டாளர்.

நான் ஒன்றும் பெரிய வீராங்கனை இல்லை. ஆனாலும் என் செம்பருத்தியைக் கழற்றினேன். ஓடையைத் தூக்கி வந்து என் ஆணியில் மாட்டினேன்.

"இத மறுபடி கழட்டினா, வாசல்ல நின்னு வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்லுவேன்."

முறைத்தார். ஆனால் கை வைக்கவில்லை.

வி.ஐ.பி. வந்தார். சூரியகாந்தி முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். ஓடையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் டீ குடிக்கப் போய்விட்டார். இதற்கா அத்தனை பதற்றம்?

சாயங்காலம், படத்தைப் பேப்பரில் சுற்றிக் காரில் வைத்த பிறகு பார்வதி என்னிடம் வந்தாள். புருஷன் காதில் விழாதபடி கேட்டாள்.

"உண்மைய சொல்லுங்கக்கா... படம் நல்லா வரலியா?"

ஓடையைக் கறுப்பாக்கியவன் எவனும் தன் வேலையைப் பற்றி ஒரு நாளும் இப்படிக் கேட்டிருக்க மாட்டான் – வரைந்தவள் கேட்கிறாள்!