ஐந்து நீலப் புள்ளிகள்

"நோட்டுல கோடு போட்டா காலு நடந்துருமா பாப்பா? பொம்பளைங்க பஸ்ல வந்து சேருங்க. பேஜாரு கம்மி."

ஆடிக் கிருத்திகைக்கு ஒரு வாரம் இருக்கும்போது சித்தப்பா சொன்னது இது. எங்கள் தெருவிலிருந்து வருடா வருடம் மஞ்சள் வேட்டி கட்டிக்கொண்டு முருகன் மலைக்கு நடக்கும் ஆண்களுக்கு அவர்தான் தலைவர். நான் அப்போது ஆறாம் வகுப்பு. எங்கள் வீட்டில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள். அதை யாரும் மறந்துவிடாதபடி பார்த்துக்கொள்வேன்.

நடக்க வேண்டியவள் அம்மா. எனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது, பிள்ளை பிழைத்தால் வெறுங்காலில் நடந்து வருகிறேன் என்று வேண்டிக்கொண்டிருந்தாள். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் வேலை. அந்த வருடம் கிருத்திகை ஞாயிற்றுக்கிழமையில் வந்ததால்தான் அவளால் கிளம்பவே முடிந்தது. மாலை தீபாராதனைக்குள் மலையடிவாரம் சேர வேண்டும். சேராவிட்டால் வேண்டுதல் பாக்கி. சித்தப்பா சொன்னதும் உண்மையாகிவிடும்.

நேரத்துக்குச் சேரத்தான் நான் நோட்டில் திட்டம் போட்டிருந்தேன். முப்பத்திரண்டு கிலோமீட்டர், மணிக்கு மூன்று. விடிவதற்குள் புறப்பாடு. மணல் சுடுவதற்கு முன் பாலாற்றைக் கடந்துவிட வேண்டும். வழியில் தண்ணீர் கிடைக்கும் ஐந்து இடங்களுக்கு நீல மையில் புள்ளி வைத்திருந்தேன்: பம்ப் செட், டீக்கடை, மோர்ப்பந்தல், இப்படி. சித்தப்பாவின் கூட்டத்தில் இப்படி யாரும் எழுதி வைத்ததே இல்லை.

பாலாற்றைச் சொன்ன நேரத்துக்குக் கடந்தோம். ஆனால் முதல் புள்ளியில் அம்மா தண்ணீர் குடிக்கவில்லை. இரண்டாவதிலும் இல்லை.

"தாகம் இல்லடி."

மூன்றாவது மோர்ப்பந்தல். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "குடிக்காம நடந்தா மயக்கம் வரும்னு எங்க மிஸ் சொன்னாங்க. அப்புறம் நான் புள்ளி வெச்சது இன்னாத்துக்கு?"

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். இரண்டு டம்ளர் மோரை மடமடவென்று குடித்தாள்.

அதற்குப் பிறகு ரோட்டின் இரண்டு பக்கமும் வெட்டவெளி. சித்தப்பாவின் ஆட்கள் நினைத்த இடத்தில் ரோட்டோரம் ஒதுங்கி, வேட்டியை உதறிக்கொண்டு வந்து எங்களைத் தாண்டிப் போனார்கள். நானும் ஒரு சின்னப் புதருக்குப் பின்னால் போய் வந்தேன். அம்மாவின் நடை குறைந்துகொண்டே வந்தது. திடீரென்று இடது பக்கம் ஒரு மண்பாதையில் இறங்கினாள்.

"அம்மா, அது ரூட்டு இல்ல!"

"தெரியும். பேசாம வா."

முதல் வீடு பூட்டியிருந்தது. அடுத்த வீட்டு வாசலில் ஆம்பளைகள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். அம்மா நிற்காமல் நடந்தாள். ஊர்க் கோடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த ஒரு பாய் வீட்டு அம்மாவிடம் தணிந்த குரலில் ஏதோ கேட்டாள். "இதுக்கு ஏம்மா இவ்ளோ தயங்குற? பின்னாடி இருக்குது, போ" என்றார் அவர்.

நான் வாசலில் நின்று நிமிடங்களை எண்ணினேன். திரும்பி ரோட்டுக்கு வரும்போது முக்கால் மணி நேரம் போயிருந்தது. "ஒண்ணுக்குப் போறதுக்கு இவ்ளோ தூரமா?" என்று கத்தினேன்.

"இனிமே எங்கயும் நிக்க வேணாம். நட" என்றாள் அம்மா.

நாலாவது, ஐந்தாவது புள்ளிகளைத் தாண்டி நிற்காமல் நடந்தோம். கடைசியில் ஓடினோம். அம்மாவின் குதிகால் வெடித்து ரத்தம் வந்தது. மேலே தீபாராதனை மணி அடிக்க ஆரம்பித்தபோது அவள் கால் முதல் படியில் இருந்தது. அங்கேயே கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

சாமி கும்பிட்டு இறங்கி வந்த சித்தப்பா சிரித்தார். "இன்னா பாப்பா, பிளான் இன்னாச்சு?"

அம்மா முந்திக்கொண்டாள். "அவ கணக்கு கரெக்டு. என் காலுதான் மெதுவாப் போச்சு."

நான் அதை அப்படியே நம்பினேன். நம்பியதோடு விடாமல் திட்டத்தின் அடியில் எழுதியும் வைத்தேன்: அடுத்த முறை அம்மா வேகமாக நடக்க வேண்டும்.

தினமும் வேலை முடிந்து வந்ததும் அம்மா வாசலிலேயே நின்று ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடிப்பாள். அது அவள் பழக்கம் என்று நினைத்திருந்தேன். வேலூர்க் கல்லூரிக்கு பஸ்ஸில் போய்வர ஆரம்பித்த பிறகு, நானும் பாட்டிலை நிரப்பிக்கொண்டு போய், நடுவில் ஒதுங்க இடம் இல்லை என்று திறக்காமலே கொண்டுவந்தேன். ஒருநாள் வாசலில் நின்று சொம்பை வாயில் கவிழ்க்கும்போதுதான் புரிந்தது. மலைக்கு நடந்த அன்றைக்கு அம்மாவிடமும் ஒரு திட்டம் இருந்திருக்கிறது. மதியம் வரை அதைத் தவறாமல் நடத்தியும் வந்திருக்கிறாள். அதைக் கெடுத்தது என்னுடைய மோர்.

இந்த வருடம் எங்கள் தெருவில் பதினான்கு பெண்கள் நடக்கிறோம். அம்மாவும் வருகிறாள். போன வாரம் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, பாதி வழியில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போய்த் தலைமையாசிரியையைப் பார்த்து விஷயத்தைச் சொன்னேன்.

"கிருத்திகைக்கு ஸ்கூல் லீவாச்சேம்மா?" என்றார்.

"அதான் டீச்சர், சாவி கேக்க வந்தேன்."

என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அவரே கூட வந்து பெண்பிள்ளைகளின் கழிப்பறையைத் திறந்து காட்டினார். குழாயைத் திருகினேன், தண்ணீர் வந்தது. கதவைச் சாத்திப் பார்த்தேன். உள்தாழ்ப்பாள் உடைந்து தொங்கியது. எதிர்க் கடையில் புதுத் தாழ்ப்பாளும் ஸ்குரூ டிரைவரும் வாங்கி வந்து, நாலு ஸ்குரூவையும் நானே முடுக்கிவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.